திரும்பி வருவதற்கான ஆதாரம்

ஐரோப்பிய மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க இந்திய ஆய்வாளருக்கு இரண்டு மதிப்பீடுகள் உண்டு: ஒன்று கட்டுரைக்கு, மற்றொன்று வங்கிக் கணக்குக்கு. இரண்டாவதே கடுமையானது. அங்கே போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு வழக்கமான கட்டணம் 90 யூரோ. விண்ணப்பித்தவர் ஊர் திரும்புவாரா என்பதில் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரலாம். கட்டணம் திரும்பாது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை.

அழைப்புக் கடிதம், விடுப்புச் சான்று, தங்குமிடப் பதிவு ஆகியவற்றோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடக்கம்; ஆக, திரும்புவதற்கான உறுதியான ஆதாரம் அது ஒன்றுதான். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், சிரிக்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வருவதுமில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். மாநாட்டுக் குழுவின் ஒப்புதலோ, விண்ணப்ப மையத்தில் நேரமே கிடைக்காத வாரமாகப் பார்த்து வந்து சேரும். முடிவு தெரிய 15 நாள்; தேவைப்பட்டால் 45 வரை நீளும்.

மறுப்புக்கு அச்சிட்ட படிவம் உண்டு. பொருந்தும் காரணத்துக்கு நேரே ஒரு குறி. மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. அதற்குப் பதில் வருவதற்குள் அடுத்த மாநாட்டுக்குக் கட்டுரை கேட்டுவிடுவார்கள்.