டக் டக் கேட்டதா? கையை எடுங்கள்!

● கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பெட்டிக்குள்ளிருந்து ‘டக்... டக்... டக்’ என்று சத்தம் வருகிறது. விண்டோஸ் வரவில்லை. மகளின் கல்யாண ஃபோட்டோ அத்தனையும் அதில்தான் இருக்கிறது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தடவையாவது வந்துவிடாதா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

இதைப் படிக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால், எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள் அம்மா. என் பதில் எங்கேயும் ஓடிவிடாது. ஃபோட்டோ ஓடிவிடலாம்.

அணைத்தாயிற்றா? இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்குக்குள் பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. 7,200 என்றால் நொடிக்கு 120 சுற்று. தட்டில் இருப்பதைப் படிக்கும் ‘ஹெட்’ அதைத் தொடுவதே இல்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர்! நீங்கள் கேட்கும் ‘டக் டக்’, அந்த ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி மறுபடி முயலும் சத்தம். புது ஊரில் முகவரி தெரியாதவர் திரும்பத் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பதைப் போல.

ஹெட் பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டின் மேல்பூச்சைச் சுரண்டக்கூடும். மகளின் கல்யாணம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ஹெட்டை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம், போர்டைக்கூட மாற்றலாம். சுரண்டிப்போன பூச்சைத் திரும்ப ஒட்ட எந்த நிபுணராலும் முடியாது.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி, அடி படாதபடி சுற்றி, பீரோவில் வையுங்கள். கரண்ட் இல்லாத டிஸ்க் மேலும் மோசமாகாது. நல்ல இடமாக விசாரித்து, பணம் சேர்த்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக்கூடக் கொண்டுபோகலாம்.

● டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்று மச்சான் சொல்கிறார். வைக்கலாமா?
– வியாபாரி, விருதுநகர்

ஃப்ரீசரில் மாவை வையுங்கள், மச்சானுக்கு இரண்டு தோசையாவது கிடைக்கும். பழைய காலத்து டிஸ்க்குகளில் உள்ளே ஒட்டிக்கொண்ட பாகம் குளிரில் சுருங்கி விடுபட்டது உண்டு. அந்த நம்பிக்கை அங்கிருந்து வந்தது. இன்றைய டிஸ்க்கை வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டில் நீர்த்துளியாகப் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி எவ்வளவு பெரியது என்று மச்சானையே கேளுங்கள்.

● என் டிஸ்க்கில் சத்தம் இல்லை. ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, சில ஃபைல்கள் திறப்பதே இல்லை. ‘செக் டிஸ்க்’ ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இப்போது ஓட்டாதீர்கள். முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர். செக் டிஸ்க் டிஸ்க்கின் கணக்கைச் சரிசெய்ய வந்த கருவி, உங்கள் ஃபைலைக் காப்பாற்ற வந்ததல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைத்து, கணக்கு ஒத்துவராத இடத்தைத் திருத்தி எழுதிவிடும். அந்தத் திருத்தத்தில் உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் துண்டு துண்டாகப் போகலாம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் நிம்மதி. 197-க்கு எதிரே எண் ஏறிக்கொண்டே போனால், படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன என்று பொருள். 199 மட்டும் ஏறினால் சந்தோஷப்படுங்கள்: குறை பெரும்பாலும் கேபிளில் இருக்கும், புது கேபிளோடு போய்விடும்.

கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் மறுபக்கமும் இருக்கிறது: செத்த டிஸ்க்குகளில் பெரும்பகுதி முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதையும் காட்டாமலேயே செத்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

காப்பி எடுப்பதிலும் வரிசை உண்டு. நீங்களே எழுதியது, நீங்களே எடுத்த ஃபோட்டோ, அப்பா அம்மாவின் ஆவணங்கள் முதலில். சினிமா கடைசியில், அது எங்கேயும் கிடைக்கும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற கருவியைக் கேளுங்கள். அது சுலபமாகப் படிக்க முடிவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் அவற்றோடு போராடும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படிப்பட்ட ஒரு கருவியை இலவசமாகத் தருகிறார்களே என்று எனக்கு இன்றும் நன்றிதான்.

● ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. சரி என்று அழுத்தலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

கூடாது ஐயா. டிஸ்க்கின் அட்டவணையைப் படிக்க முடியாதபோது விண்டோஸ் கேட்கும் கேள்வி அது. அட்டவணைதான் கெட்டிருக்கிறது, ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். ‘டெஸ்ட் டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ என்று இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. முடிந்தால் டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்து, நகலின்மேல் அவற்றை ஓட்டுங்கள். மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். மீட்கும் மென்பொருளையும் அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். காப்பாற்ற நினைத்த ஃபைலின் தலைமேலேயே அது போய் உட்கார்ந்துவிடும்.

● ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்று வாங்கி, அடியில் இருக்கும் பச்சை போர்டை மட்டும் மாற்றினால் போதாதா?
– எலக்ட்ரீஷியன், சென்னை

இருபது வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் பல டிஸ்க்குகளுக்கு ‘போதும்’ என்றிருப்பேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையிலேயே அதன் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவீடுகள் எடுத்து, போர்டில் உள்ள சிறிய சிப் ஒன்றில் எழுதிவிடுகிறார்கள். ஒரே மாடல், ஒரே மாதம் செய்தது என்றாலும் அந்த எண்கள் வேறு. புது போர்டு போட்டால் பழைய சிப்பைக் கழற்றி அதில் பற்ற வைக்க வேண்டும். உங்கள் கை சால்டரிங்கில் தேர்ந்த கையாக இருக்கலாம். கல்யாண ஆல்பத்தில் அதைச் சோதிக்க வேண்டாம்.

தப்பான அடாப்டரைச் செருகியதால் டிஸ்க் செத்திருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பல போர்டுகளில் அதிக வோல்டேஜ் வந்தால் தான் பலியாகி மற்றவற்றைக் காப்பாற்ற ஒரு டயோடு வைத்திருப்பார்கள். செத்தது அது மட்டும்தானா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

● எங்கள் தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் நல்லவர். ‘மூடியைத் திறந்து பார்க்கட்டுமா’ என்கிறார்.
– தையல் கலைஞர், ஈரோடு

பவர் சப்ளை மாற்ற, ரேம் போட, தூசி தட்ட அவரிடமே போங்கள். மூடியை மட்டும் திறக்க விடாதீர்கள். தூசி வடிகட்டிய அறையில் திறக்க வேண்டிய பொருள் அது. நம் வீட்டுக் காற்றில் மிதக்கும் ஒரு தூசு, அந்த ஹெட்டின் பாதையில் பாறை. பல டிஸ்க்குகளின் மேல் சிறிய துளை ஒன்றும், பக்கத்தில் ‘மூடாதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் இருக்கும். உள்ளே காற்றழுத்தம் சமமாவதற்கான வழி அது. அந்த ஊசித்துளைக்குக்கூட உள்ளே வடிகட்டி வைத்திருக்கிறார்கள்.

டேட்டா மீட்கும் நிறுவனத்தைத் தேடும்போது நான்கு கேள்வி கேளுங்கள். தூசியற்ற அறை உங்களிடமே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? பார்த்துவிட்டுச் செலவை எழுத்தில் தருவீர்களா? கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? கிடைக்கும் ஃபைல்களின் பட்டியலைப் பணம் வாங்குமுன் காட்டுவீர்களா? பார்க்காமலே ‘நூறு சதவீதம் கேரண்டி’ என்று ஃபோனில் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ஹெட் மாற்றும் வேலை பத்தாயிரங்களில் போகலாம். புது டிஸ்க்கின் விலையோடு அதை ஒப்பிடாதீர்கள். அந்த ஃபோட்டோக்கள் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதோடு ஒப்பிடுங்கள்.

● வாரண்டி இருக்கிறதே, கம்பெனியே எல்லாம் தருமல்லவா?
– வங்கி ஊழியர், கரூர்

டிஸ்க் தரும். டேட்டா தராது. அனுப்பிய பழையது பொதுவாகத் திரும்பி வராது, மாற்று டிஸ்க்தான் வரும். உள்ளே இருப்பது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகு கூரியருக்குப் போங்கள்.

● கரண்ட் கட் ஆகும்போதெல்லாம் உள்ளே ஹெட் தட்டில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– விவசாயி, அரியலூர்

அந்த பயம் வேண்டாம். கரண்ட் போன நொடியில் தட்டின் சுழற்சியிலிருந்தே மோட்டார் கொஞ்சம் மின்சாரம் எடுத்து, ஹெட்டைப் பத்திரமாக ஓரம் கட்டிவிடும். இந்த யோசனை தோன்றியவருக்கு ஒரு கும்பிடு. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடலாம். கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறினால் போர்டும் போகலாம். அதற்காகத்தான் யுபிஎஸ்.

● எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். சுழலும் பாகமே இல்லை. இனி கவலை இல்லைதானே?
– ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

கீழே விழுந்தால் கவலை குறைவு. ஆனால் ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்றாவது சொல்லும். எஸ்எஸ்டி பல நேரம் நேற்று வேலை செய்தது, இன்று இல்லை என்று போய்விடும். தவறுதலாக அழித்த ஃபைலை மீட்பதும் அதில் கடினம். ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு, அழித்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிவிடும். அதுவும் சுத்தமாகத் துடைத்துவிடும். கரண்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்கவும் அது ஏற்றதல்ல. உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும்.

இன்னொன்று: புது லேப்டாப்புகளில் ‘பிட்லாக்கர்’ பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். லேப்டாப்பின் மதர்போர்டு போய், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அதை இன்றே எழுதி வையுங்கள், அந்த லேப்டாப்பிலேயே அல்ல.

● 1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– பத்தாம் வகுப்பு மாணவி, மதுரை

இல்லை கண்ணே. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இருவர் கையிலும் இருப்பது ஒரே லட்சம் கோடி பைட்தான். அது எவ்வளவு பெரியது தெரியுமா? 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். மொத்தம் 50 லட்சம் எழுத்துகள்தான் அதில் அடங்கும். உன் அப்பாவின் ஃபோனில் எடுத்த ஃபோட்டோ ஒன்றிரண்டு அதில் அடங்கினாலே பெரிது.

● என்னிடம் எல்லாமே கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது. பேக்கப் என்று தனியாக எதற்கு?
– பேராசிரியர், திருச்சி

சிங்க் என்பது நீங்கள் செய்வதையெல்லாம் அங்கேயும் செய்வது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். அதற்குள் நீங்கள் கவனிக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய கணக்கு. எனக்கு அதில் மிகப் பிடித்தது மூன்றாவது விதி.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளை படத்தின் ஃபைல்களைச் சரசரவென்று அழித்தது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. அதை யாரும் அதுவரை கவனித்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பூப்போல ஓட்டிக்கொண்டு வந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு ஸ்டுடியோவுக்கு அன்று கைகொடுத்தது ஒரு தாய் வீட்டில் வைத்திருந்த பிரதி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பேக்கப்பும் கம்ப்யூட்டரும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். ஒரு பிரதியைத் தங்கை வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போய், நான்கு ஃபைலைத் திறந்து பாருங்கள். தங்கையையும் பார்த்த மாதிரி ஆகும். நனைந்த டிஸ்க்கை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காதீர்கள். காய்ந்தால் சேறு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பையில் மூடி, மீட்பவரிடம் கொடுங்கள்.

● எல்லாவற்றையும் மீட்டாயிற்று. செத்துப்போன பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கப் பேரன் ஆசைப்படுகிறான். கொடுக்கலாமா?
– தாத்தா, திருநெல்வேலி

தாராளமாக. நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். லேப்டாப் டிஸ்க் என்றால் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், உடைந்தால் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள். உள்ளே இரண்டு காந்தங்கள் இருக்கும். சின்னதுதான், ஆனால் விரல் நடுவில் மாட்டினால் அலற வைக்கும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் மூடி வராது. லேபிளுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். அதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும்.