சித்தி நிலுவையில்

எங்கள் தாத்தா வீட்டுக்குத் தபால்காரர் கொண்டுவந்த எதுவும் காணாமல் போனதில்லை. கூடத்து ஜன்னலில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டக் கட்டை, நுனியில் கொக்கி. இன்லண்டு லெட்டர், கரண்ட் பில், மளிகைக்கடைச் சீட்டு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் நடுவயிற்றில் ஒரே குத்து. எழுத்தில் ஓட்டை விழுந்து, வரப்போவது மாமாவா மாமியா என்று தெரியாமல் போவதுண்டு. ஆனால் லெட்டர் எங்கே என்று யாரும் தேடியதில்லை. துக்கச் செய்தி மட்டும் கம்பி ஏறாது. வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்துவிடுவார்கள்.

2001-இல் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 'கெட்டிங் திங்ஸ் டன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வருவதையெல்லாம் ஓரிடத்தில் சேர். சேர்க்கும் இடங்களை முடிந்தவரை குறை. அவ்வப்போது காலி செய். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை அப்போதே முடி. புத்தகம் உலகமெங்கும் விற்றது. தாத்தா கடைசி விதியை எழவுக்கு மட்டும் கடைப்பிடித்தார். காலி செய்வது வருடத்துக்கு ஒருமுறை, போகியன்று.

அவருக்கு ஒரு சௌகரியம், உலகம் வாசல் வழியாக மட்டுமே வந்தது. எனக்கு ஆபீஸ் சமாச்சாரம் மெயிலில், பையனின் வீட்டுப்பாடம் பள்ளிக்கூட ஆப்பில், தண்ணீர் லாரி வராத செய்தி அபார்ட்மென்ட் குரூப்பில், அதுவும் இருபது குட்மார்னிங் ரோஜாக்களுக்கு அடியில். பெரியப்பா எழுத மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான். நாலு நிமிடம் ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "சரி, அந்தப் பட்டா விஷயம்..." என்று தொடங்கும்போது பஸ் ஹாரன் அடிக்கும். அதை எந்தக் கம்பியில் குத்துவது?

நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதியை வாட்ஸாப் 2022-இல் தந்தது. எனக்குக் கம்பி கிடைத்துவிட்டது. வந்ததையெல்லாம் அங்கே தள்ளினேன். தள்ளியதும் என்ன நிம்மதி! அந்த நிம்மதியில்தான் வில்லங்கம். முடியாத வேலைதான் மனசில் நிற்கும் என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இலேயே சோதித்து எழுதியிருக்கிறார். ஹோட்டல் சர்வரைப் பாருங்கள். ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு வடை, ஒரு காபி சர்க்கரை கம்மி என்று எட்டு டேபிள் கணக்கு தலையில் நிற்கும். பில் போட்டதும் நம் முகமே மறந்துவிடும். என் மூளை, பட்டியலில் ஏற்றியதையே பில் போட்டதாக நினைத்துக்கொள்கிறது.

ஒருநாள் பட்டியலைத் திறந்தால் மூன்று வரி: "பாஸ்போர்ட் புதுப்பிக்கணும். சித்தி. தேங்காய்."

சித்திக்கு என்ன? சேர்த்தால் மட்டும் போதாது, அடுத்து கையைக் காலை அசைத்துச் செய்யவேண்டியது எது என்று முடிவுசெய்ய வேண்டும் என்கிறார் ஆலன். தேங்காய் என்றால் வாங்குவது. சித்தி என்றால்? யோசித்து, முழுசாக எழுதினேன்: "சித்திக்குப் போன் செய்து, பேத்தி சடங்குக்கு நாம் ஏன் வரவில்லை என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்." படித்ததும், அதை ஏன் ஒற்றைச் சொல்லாக விட்டு வைத்திருந்தேன் என்று விளங்கிவிட்டது.

உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, தேங்காய் வாங்கி வந்துவிட்டேன். நாலு தேங்காய். வீட்டில் கேட்டது ஒன்றுதான்.