போனை மாற்றலாம், கட்சியும் மாறலாமா?

கேள்வி: பல வருஷமாக ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறேன். மகன் ஐபோனுக்கு மாறச் சொல்கிறான். மாறலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பணம் மகன் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள் அம்மா! தந்தாலும் அவசரம் வேண்டாம். போனை மாற்றுவது ஒரு நாள் வேலை. வாட்ஸ்அப்பைக் குடிமாற்றுவதுதான் பெரும்பாடு. ஆண்ட்ராய்டில் உங்கள் அரட்டையெல்லாம் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை ஐபோன் திறக்காது. புது ஐபோனை முதன்முதலில் இயக்கும்போதே, பழைய போனில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப்பைப் போட்டு நேரடியாக மாற்றுங்கள். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும். எல்லாம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். பேரன் மழலையில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எந்தக் கடையிலும் கிடைக்காது!

மாறினால் வேறு இழப்பும் உண்டு. படங்களைச் சேமிக்க கூகுள் இலவசமாக 15 ஜிபி இடம் தருகிறது, ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபிதான். காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் கூடவே வராது.

ஐபோன்தான் நெடுநாள் உழைக்கும் என்பது பழைய கதை. 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங் 7 ஆண்டு அப்டேட் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் ஐபோன்காரர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். இல்லையென்றால் நல்ல ஆண்ட்ராய்டே போதும். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.