நியூகாசிலுக்கு நிலக்கரி

நியூகாசில், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

'வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறாயா' என்று கேட்டிருந்தீர்கள். கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைப் பையனுக்கு இங்கிலீஷ் ஒரு பொருட்டா? ஆனால் இவர்கள் சொல்வது ஒன்று, அர்த்தம் வேறொன்று. நான் நர்ஸாக இருக்கும் வார்டில் ஒரு பாட்டி 'ஒரு பென்னி செலவழிக்கணும் தம்பி' என்றால் பாத்ரூம் போகவேண்டும் என்று பொருள். அந்தக் காலத்தில் ஒரு பென்னி போட்டால்தான் பொதுக் கழிப்பறைக் கதவு திறக்குமாம். புதிதாக வந்த கேரளத்து நர்ஸ் பாட்டியின் பர்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் அவசரம் முற்றிவிட்டது.

ஊசிக்கு அடம்பிடிக்காத தாத்தாவுக்கு 'தங்கமா இருந்தீங்க' என்று பாராட்டு. அது நம்ம ஊர்ப் பேச்சுதான். குழாய் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காவிட்டாலும், 'பிளம்பரெல்லாம் தங்கப்பொடி' என்கிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி நம்ம ஊருக்கு வந்தது முதல் வெட்டி எடுத்த தங்கம் எங்கே போனதோ, இவர்கள் வாயில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் மீட்டிங். டை கட்டிய மேனேஜர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, 'கோல்பேஸில் நிற்கிற உங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்' என்றார். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிற இடம் அது. இங்கே நோயாளியை நேரடியாகப் பார்க்கிற எங்களுக்கு அந்தப் பட்டம். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. சாம்பியன் ரீப் தங்கச் சுரங்கத்தில் கேஜில் இறங்கி, அனலடிக்கிற பாறைக்கு முன்னால் ஷிப்ட் முடித்து ஏறிவந்த உங்களை, 'நர்ஸ் மாதிரி உழைக்கிறார்' என்று ஒரு ஆபீசராவது சொல்லியிருப்பாரா? அடுத்து, 'நம்ம வார்டுதான் சுரங்கத்துக் கேனரி' என்றார். விஷவாயு வந்தால் முதலில் மயங்குகிற மஞ்சள் குருவி. 1986இல்தான் அதற்கு ரிடையர்மென்ட் அறிவித்துக் கருவியைக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு இன்னும் இல்லை.

எல்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார். 'எங்களதை 2005இல் மூடினான்' என்றார். 'எங்களது 2001 பிப்ரவரி 28' என்றேன். ஆழம் கேட்டார். மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றதும், 'என் காலை இழுக்காதே' என்று சிரித்தார். கேலி செய்யாதே என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய ஒரு கால் மாவுக்கட்டில் இருந்தது. நான் இரண்டு அடி தள்ளியே நின்றேன்.

அத்தை இங்கிலாந்திலிருந்து தங்கச் செயின் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கோலாருக்குத் தங்கமா! 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோகாதே' என்பார்கள் இங்கே, நம்ம கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பெரியவரிடம் சொன்னேன். 'அந்தப் பேச்செல்லாம் பழசு. டைன் துறைமுகத்திலேயே வெளிநாட்டு நிலக்கரி வந்து இறங்கிச்சு' என்றார். நம்ம ராபர்ட்சன்பேட்டைக் கடைத் தங்கம் மட்டும் இப்போது நம்ம மண்ணிலிருந்தா வருகிறது?

எப்படியும் இங்கே நகைக்கு 20 சதவீத வரி. செயினை அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பணம் போடுகிறேன். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்