ஐந்து குவார்ட் அறிஞர்

டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ, நியூ ஜெர்ஸியில் எடிசன், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா என்று நம்மவர்கள் கூட்டமாக வீடு வாங்கிய அமெரிக்க ஊர் எதுவானாலும் சரி, அங்கே இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பத்தைந்துக்குள். வார நாட்களில் ஏதோ ஒரு வங்கியின் பழைய மென்பொருள் சாகாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். சனிக்கிழமை காலையில் அவரைத் தேடிப் போனால் கராஜில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கால்களிடம்தான் பேசியாக வேண்டும்.

பிறந்தநாள் விழாக்களில் முழு உருவமாகக் கிடைப்பார். தட்டில் வடையோடு வந்து பக்கத்தில் நிற்பார். பிள்ளை எந்த வகுப்பு, ஊருக்கு எப்போது போனீர்கள் என்றெல்லாம் விசாரிக்கமாட்டார்.

"வண்டி என்ன ஓட்றீங்க?"

"கேம்ரி, அண்ணா."

"ஆயில் எங்க மாத்துறீங்க?"

"டீலர்கிட்டதான்."

இதைக் கேட்டதும் அவர் முகம் வாடுகிற வாட்டத்தைப் பார்த்து, ஊரில் உங்களுக்கு வேண்டியவர் யாரோ தவறிவிட்டதாக நினைத்து நாலு பேர் எழுந்து வருவார்கள். "உள்ள என்ன ஊத்துறான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்பார். கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கேக் வெட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்கும்.

அவருடைய கொள்கை ஒரு வரிதான். கடைக்காரன் தன் சொந்தப் பெயரில் விற்கிற முழு சிந்தெடிக் எண்ணெயும், பந்தயக் காரை ஓட்டிக் காட்டி விளம்பரம் செய்கிற பெரிய கம்பெனி எண்ணெயும் என்ஜினுக்கு ஒன்றே. காஸ்ட்கோவில் கிர்க்லாண்ட், வால்மார்ட்டில் சூப்பர்டெக். மொபில் 1 வாங்குகிறவன் பந்தயக் கார்க்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறான். கொள்கைதான் ஒரு வரி. பாஷ்யம் இரண்டு மணி நேரம் ஓடும்.

கிர்க்லாண்ட் என்ற பெயரைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழையும். காஸ்ட்கோவின் தலைமையகம் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாண்ட் என்ற ஊரில் இருந்த காலத்தில், 1995இல், அந்தப் பெயரையே தன் சரக்குக்கு வைத்தார்கள். தலைமையகம் அப்புறம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பெயர் இவர் வீட்டில் தங்கிவிட்டது. பாதாம் கிர்க்லாண்ட். முந்திரி கிர்க்லாண்ட். காலுறை, பேட்டரி, கழிப்பறைக் காகிதம் எல்லாம் அதே. இப்போது கல்லூரிக்குப் போகிற மகன் தவழ்ந்த காலத்தில் கட்டிய டயபரும் அதுதான். "இருபது வருஷமா எனக்குள்ள போறது கிர்க்லாண்ட் பாதாம். வண்டிக்குள்ள போனா மட்டும் என்ன ஆயிடும்?" என்று அவர் கேட்கும்போது, தர்க்கம் எங்கே இடறுகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவரை வெறும் சிக்கனப் பேர்வழி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வரன் வீட்டாரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணெய்க்கும் பூர்வீகம் விசாரித்து வைத்திருப்பார். காஸ்ட்கோவுக்கு எண்ணெய்க் கிணறு கிடையாது. நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரத்து வாரன் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கம்பெனி கலந்து கொடுக்கிறது. அடிப்படை எண்ணெயை ஓரிடத்தில் வாங்கி, துத்தநாகம், மெக்னீசியம், கால்சியம் கலந்த சேர்மானங்களை இன்னோரிடத்தில் வாங்கி, கலந்து, கேனில் அடைத்து, கடைக்காரன் சொன்ன பெயரை ஒட்டுகிற தொழில். இந்த இடத்தில் யாராவது "வாரனா? நார்த் கரோலினாதானே?" என்று கேட்டுவிட்டால் அவருக்குச் சொர்க்கவாசல் திறந்த மாதிரி. "அது வேற வாரன்! வாரன் ஆயில் கம்பெனி, டன் ஊர்ல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எல்லாரும் குழப்பிக்கிறாங்க." எல்லாரும் என்பது அமெரிக்கா முழுக்க இவரை மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர்.

வால்மார்ட்டின் எண்ணெய் வரிசையில் அவரைப் பார்ப்பது தனி அனுபவம். பால் வாங்க வந்திருப்பார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன், கையில் ஒரு கேனை வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு போதும்.

"தம்பி, முன்பக்கம் பார்க்காதீங்க. முன்பக்கம் விளம்பரக்காரன் எழுதினது. பின்பக்கம் வக்கீல் எழுதினது. பின்பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினால் அங்கே வட்டமாக ஒரு முத்திரை. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் தருவது. மேல் வளைவில் தரம், நடுவில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்கிற எண். தரம் 2020 மே மாதத்திலிருந்து எஸ்பி. 2025 மார்ச் கடைசியில் எஸ்க்யூ வந்துவிட்டது. சின்ன டர்போ என்ஜின்களில் குறைந்த வேகத்தில் பெட்ரோல் முந்திக்கொண்டு பற்றி பிஸ்டனையே உடைக்கிற வியாதி ஒன்று உண்டு. எஸ்பி தரத்தில் அதற்கு ஒரு பரீட்சை, டைமிங் செயின் தேய்கிறதா என்பதற்கு ஒரு பரீட்சை. கம்பெனி பெரியதோ சின்னதோ, முத்திரை வேண்டுமென்றால் இந்தப் பரீட்சைகளை எழுதியாக வேண்டும். அதற்குப் பிறகும் கடையில் இருக்கிற கேனை வாங்கிக்கொண்டு போய்ச் சோதிக்கிறார்கள். இத்தனையும் அவர் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்போது பையனிடம் ஒரு தெளிவு தெரியும். அதை அவரே கெடுப்பார்.

"ஆனா பாருங்க, 'டெக்ஸோஸ் உரிமம் பெற்றது'ன்னு போட்டிருக்கா, இல்ல 'டெக்ஸோஸ் தேவைக்கு ஏற்றது'ன்னு போட்டிருக்கா? முதல்ல சொன்னவன் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பணம் கட்டிச் சோதிச்சிருக்கான். இரண்டாவது சொன்னவன் தானே தனக்கு மார்க் போட்டுக்கிட்டான்."

பையன் ஓட்டுவது டொயோட்டா. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கான டெக்ஸோஸ் அவனுக்கு எந்த ஜென்மத்திலும் தேவைப்படாது. சொல்ல நினைத்து வாயைத் திறப்பான். அதற்குள் டாலர் ஜெனரல் கதை தொடங்கியிருக்கும்.

அந்தக் கதை மட்டும் கேட்கத் தகுந்தது. டாலர் ஜெனரல் கடை தன் பெயரில் மலிவாக எண்ணெய் விற்றது. நல்ல பிராண்டுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தது. அதன் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஒரு வகையில் 1930க்குப் பின் வந்த பெரும்பாலான கார் என்ஜின்களுக்கு இது ஏற்றதல்ல என்றும், இன்னொரு வகையில் 1988க்குப் பின் வந்தவற்றுக்கு ஏற்றதல்ல என்றும் அச்சிட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் பல மாநிலங்களில் வழக்குப் போட்டார்கள். 2021இல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. கடைப் பெயர் எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வக்கீல் எழுதிய பக்கத்தைப் படி என்று அவர் சொல்வது சும்மா இல்லை.

அவருக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. அதே காலனியில், மூன்று தெரு தள்ளி. அந்த மனிதர் ஆச்சாரக்காரர். அடிப்படை எண்ணெயை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் நான்காவது வகுப்பு, ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய பாலிஆல்ஃபாஓலிஃபின், அது ஒன்றுதான் சிந்தெடிக் என்பது அவர் கட்சி. மூன்றாம் வகுப்பு கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. எவ்வளவு ஹைட்ரஜன் போட்டுச் சுத்தம் செய்தாலும் பூர்வாசிரமம் மறையுமா? இருவரையும் பொட்லக் விருந்துக்கு ஒன்றாக அழைக்கக் கூடாது என்று அந்தக் காலனியின் பெண்கள் எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு பொங்கலுக்குச் சட்டம் மீறப்பட்டது.

"அது சிந்தெடிக்கே இல்ல சார்! வடிகட்டின மினரல் ஆயில்!"

"1999லயே தீர்ப்பு வந்தாச்சு சார்! நீங்க இன்னும் அங்கயே நிக்கிறீங்க!"

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை உண்டு. தொண்ணூறுகளில் காஸ்ட்ரால் தன் சின்டெக் எண்ணெயில் நான்காம் வகுப்பை எடுத்துவிட்டு மூன்றாம் வகுப்பை ஊற்றியது; பெயரையும் விலையையும் மாற்றவில்லை. மொபில் பொறுக்காமல் விளம்பரங்களை விசாரிக்கிற நேஷனல் அட்வர்டைசிங் டிவிஷனிடம் முறையிட்டது. 1999இல் காஸ்ட்ரால் பக்கம் முடிவாயிற்று. அன்றிலிருந்து அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பும் முழு சிந்தெடிக் என்ற பெயரில் விற்கிறது, கடைப் பெயர் கேன்களில் மட்டுமல்ல, பெரிய பெயர்களிலும். ஆச்சாரக்காரர் பேசுவது வேதியியல். நம்மவர் பிடித்துக்கொண்டிருப்பது விளம்பரத் தீர்ப்பு. நடுவில் ஆறிப்போனது சர்க்கரைப் பொங்கல்.

கணக்குக்கு வருவோம். அவர் மனைவி ஏற்கெனவே வந்துவிட்டார். பெரிய பிராண்டுக்கும் கடைப் பெயருக்கும் ஐந்து குவார்ட் கேனுக்கு வித்தியாசம் ஏழெட்டு டாலர் என்று வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை. பதினைந்து டாலர் மிச்சம். இந்தப் பதினைந்து டாலரைக் காப்பாற்ற கராஜில் இருப்பவை: ஒரு ஹைட்ராலிக் ஜாக், நாலு ஸ்டாண்ட், காரை ஏற்றி நிறுத்த இரண்டு ராம்ப், ஃபில்டர் கழற்ற மூன்று அளவில் ரெஞ்ச், தரையில் சறுக்கிப் படுக்கச் சக்கரம் வைத்த பலகை, நெற்றியில் கட்டுகிற விளக்கு.

"ஏங்க, அந்த ஜாக் எவ்வளவு?"

"அது முதலீடு."

"அந்த விளக்கு?"

பலகை சறுக்கிக் காருக்கு அடியில் போய்விடும்.

ஆனால் அவர் மகுடத்தில் வைத்த கல் ஆய்வுக்கூடம்தான். இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வெய்னில் பிளாக்ஸ்டோன் என்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வடித்த எண்ணெயில் கொஞ்சம் குப்பியில் பிடித்துத் தபாலில் அனுப்பினால், அதில் இரும்பு எத்தனை, செம்பு எத்தனை, அலுமினியம் எத்தனை என்று பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு கணக்கில் அறிக்கை வரும். கட்டணம் சுமார் 40 டாலர். ஆமாம், பதினைந்து டாலர் மிச்சம் பிடிப்பது சரிதானா என்று பார்க்க நாற்பது டாலர். மனைவி இதைக் கண்டுபிடித்த நாள் வீட்டில் ரசம் மட்டும்தான்.

ஒரு வருஷம் பெரிய பிராண்டு, அடுத்த வருஷம் கிர்க்லாண்ட், அதே காரில் ஊற்றி இரண்டையும் அனுப்பினார். அறிக்கை வந்தது. இரும்பு ஒன்றுபோல. செம்பு ஒன்றுபோல. ஜெயித்துவிட்டார்! ஆச்சாரக்காரர் வீட்டுக்கு அச்சிட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலிலேயே மகன் வாங்கிப் பார்த்தான்.

"அப்பா, சிலிக்கான் ஏன் இவ்வளவு அதிகம்?"

சிலிக்கான் என்றால் பெரும்பாலும் மண் தூசி. தூசி காற்று வழியாகத்தான் வரும். டீலர்காரன் கேட்ட காசைக் கொடுக்க மனமில்லாமல் போன மாதம் ஏர் ஃபில்டரையும் தானே மாற்றியிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால், ஃபில்டர் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை. எண்ணெயின் ஏழு தலைமுறை விசாரித்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருப் புழுதி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அறிக்கை ஆச்சாரக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: அந்த நாற்பது டாலர் செலவழித்திராவிட்டால் என்ஜின் மணலை மென்று தேய்ந்திருக்கும். மனைவியிடம் அவர் இப்படித்தான் சொல்கிறார்.

சிரித்தாயிற்று. வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம். விஷயத்தில் மனிதர் சரி, அளவில்தான் தவறு. மினரல் எண்ணெயைவிட சிந்தெடிக் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஏஏஏ என்கிற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2017இல் சோதித்தபோது சராசரியாக 47 சதவீதம் மேலாக இருந்தது. கார்க் கையேட்டில் போட்ட எண்ணும் தரமும் கேனின் முத்திரையில் இருந்தால், சிந்தெடிக்குக்குள் பிராண்டு பார்ப்பது உங்கள் இஷ்டம். கடைப் பெயர் எண்ணெய் ஊற்றினால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் கவுண்டரில் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். தான் சொன்ன பிராண்டைத்தான் ஊற்ற வேண்டும் என்கிற கம்பெனி அதை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 1975இல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டம். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை: அந்தக் கம்பெனிகள் தனித்தனியாக ஒப்புதல் எண் கொடுக்கின்றன, அது கேனில் இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

வடித்த எண்ணெயை அவர் காலி கிர்க்லாண்ட் கேன்களிலேயே திரும்ப ஊற்றி கராஜில் அடுக்கி வைத்திருக்கிறார். புதியது எது, பழையது எது என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் அவருக்கே தெரியும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்; ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பக்கத்து ஆட்டோஸோன் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.