ரயிலா, குதிரையா?

கேள்வி: சுவிட்சர்லாந்து போகிறோம். கோட்ஹார்ட் மலையைப் பிள்ளைகளோடு ரயிலில் கடப்பதா, குதிரை வண்டியிலா?

பதில்: என் ஓட்டு குதிரைக்கே! 1882-இல் திறந்த ரயில் சுரங்கம் 15 கி.மீ. நீளம், அதற்குள் மலையே தெரியாது. குதிரை வண்டியிலோ மலையைத் தவிர வேறெதுவும் தெரியாது! கோடையில் ஆண்டர்மாட்டிலிருந்து ஐரோலோவுக்கு, ஐந்து குதிரை பூட்டிய பழைய பாணித் தபால் வண்டியில் ஏறுங்கள். 2,106 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டினால் திரெமோலா சாலை: கல் பதித்த 24 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் குளம்புகள் டக்டக்கென்று தாளம் போட, பிள்ளைகள் செல்போனையே மறந்துவிடுவார்கள். அப்படியே சூரிச் கலைக்கூடத்தில் ருடால்ஃப் கொல்லரின் 1873 ஓவியத்தையும் காட்டுங்கள்: பாய்ந்துவரும் தபால் வண்டிக்கு முன்னால் மிரண்டோடும் கன்றுக்குட்டி! ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.