கிளிக்கு ஒரு கடல்கட்டி

வலது கைச் சுட்டுவிரலில் துணிக்கட்டுடன் எழுதுவதால், இக்கட்டுரையில் எழுத்தும் கருத்தும் சற்றுக் கோணலாக இருப்பின், அதற்குக் காரணம் வயோதிகமன்று, கிளி என்று வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கடிக்கிற கிளியைச் சாந்தப்படுத்தும் உபாயத்தை முடிவில் தெரிவிக்கிறேன். விருத்தாந்தத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

கப்பலில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர், அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்து, சான்றிதழோடு என் பொறுப்பில் விட்டுச் சென்றிருக்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அது. (நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தால், 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, காங்கோக் காட்டுக் கிளிக்குப் பதிவு இருந்தால் போதும். இதன் தர்மம் எனக்கு விளங்கவில்லை.) சென்ற மாதம் வரை பரம சாது. நான் கூடத்துக்குள் நுழைந்தால், மைத்துனரின் குரலிலேயே, "ஏலே, சாப்ட்டியால?" என்று கேட்கும். மைத்துனர் என்னை 'அத்தான்' என்றுதான் அழைப்பார், நேரில்.

அப்படிப்பட்ட பட்சி திடீரென்று துர்வாசராயிற்று. கடிப்பதற்கு முன், அதன் வெளிர்மஞ்சள் கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பொட்டு சுருங்கி விரிந்து, விரிந்து சுருங்கி, கழுத்து இறகுகள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழும். அந்தக் கண்ணழகில் லயித்து நிற்பவனின் விரல் அடுத்த க்ஷணம் அலகுக்குள் இருக்கும். கால்நடை மருத்துவர் சொன்னது இது: நாலைந்து வயதில் அதற்கு யௌவனம் வந்துவிட்டது, கூண்டு அதன் கிருகம், மூலையில் நான் வைத்த அட்டைப்பெட்டி அதன் கூடு, நான் வாஞ்சையோடு முதுகைத் தடவுவது அதற்குச் சிருங்கார சேஷ்டை. ஆகவே பெட்டியை அகற்றுங்கள், முதுகைத் தொடாதீர்கள், இரவில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் இருட்டில் தூங்க விடுங்கள், கண் சுருங்கி விரிந்தால் விலகிவிடுங்கள். வெகு விவேகமான யோசனைதான். ஆனால் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் கிளி இருக்கிறது என்று தெரிந்தபின், அதைத் தூங்க விட ஊர் சம்மதிக்க வேண்டாமா?

வருகிறவர் யாராயினும், செருப்பைக் கழற்றுமுன் விரல் கம்பிக்குள் போய்விடுகிறது. "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று அறுபது வயதுக் கனவான்கள் குழைகிறார்கள். நீங்களும் குழைவீர்கள், மறுக்க வேண்டாம். பிறகு உபதேசம். ஒரு பாட்டி மக்ரூன் ஊட்டச் சொன்னார்; இனிப்பு உண்டால் சுபாவமும் இனிக்குமாம். உப்பளத்து அண்ணாச்சி ஒருவர் என் விரலில் மிளகாய்ச் சாந்தைப் பூசினார். பறவை ஜாதிக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை என்பதை அவர் அறியார். ஊறுகாய் தடவிய தின்பண்டம்போல் விரல் இன்னும் ருசியாயிற்று, அவ்வளவே.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற நண்பர்தான், "அந்தக் காலத்தில் சுறாவுக்கே வாய்க்கட்டுப் போட்டார்கள்" என்று பிரஸ்தாபித்தார். அன்றுமுதல் எனக்கு வேறு சிந்தனையில்லை. இக்கரையில் முத்துக் குளித்த நாளில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவர் பரம்பரை பாத்தியதையாக இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரவாதிக்குக் கூலி என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே; இருட்டில் எவனும் களவாக மூழ்கி முத்தெடுக்காதபடி, மாலையில் அவிழ்த்து விடுவார்களாம். எத்தனை தீர்க்காலோசனை! மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசாங்கமும், அவர் இல்லாவிட்டால் எவனும் நீரில் இறங்கமாட்டான் என்பதால், அவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டது.

என் கிளியும் பகலில்தான் கடிக்கிறது; ஆகவே வேளை பொருந்துகிறது. கூலியாக இருபதில் ஒரு பங்கு பாதாம்பருப்பு கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன். சில சந்தேகங்கள் உண்டு. சுறாவின் வாய் கடிக்க மட்டுமே. கிளியின் வாயோ கடிக்கவும் ஏசவும் பயன்படுவது. கட்டினால் இரண்டும் கட்டுண்டுபோமா, அல்லது ஏச்சை மட்டும் வெளியே விட மந்திரத்தில் இடமுண்டா? கடல்கட்டி கரையில் உட்கார்ந்து ஜபிப்பாராம். இங்கே அவர் திண்ணையில் உட்காருவதா, கூடத்திலா? தவிர, குளிப்பவன் சுறாவின் இல்லம் தேடிப் போனான், கடித்தால் அதில் நியாயமுண்டு. இந்தப் பிராணி என் இல்லத்திலிருந்து, என் பருப்பைத் தின்று, என்னை 'ஏலே' என்று விளித்துக் கடிக்கிறது. இதற்கு மந்திரம் கொஞ்சம் உக்கிரமாகவே வேண்டும். எல்லாம் யோசித்து முடித்தபின் நண்பர் சொன்னார்: 1961உடன் முத்துக் குளிப்பே நின்றுவிட்டது, கடல்கட்டிக்கு எங்கே போவது?

ஆகையால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முயல்தீவைப் பாருங்கள், பனிமய மாதாவைத் தரிசியுங்கள், உப்பளங்களின் ஓரமாக உலாவுங்கள். என் வீட்டுக்கும் வந்தே தீருவது என்றால், இரு கைகளையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். 'அக்கா' என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.